இருபத்திரண்டு கொட்டைக்கு என்ன பதில்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் சீட்டுக்கட்டை எடுத்தால் முதலில் நினைவுக்கு வருவது இருபத்தெட்டுதான். பாலக்காடு மாவட்டத்தின் இந்தக் கிழக்கு ஓரத்தில் வீட்டில் பேசுவது தமிழ், சாமான் வாங்கப் போவது பொள்ளாச்சி. சீட்டு மட்டும் கேரளத்து ஆட்டம். ஏழு முதல் ஏஸ் வரை 32 சீட்டு. குலானுக்கு, அதாவது ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. ஒரு இனத்துக்கு 7, நான்கு இனத்துக்கும் சேர்த்து 28. முதலில் ஆளுக்கு நான்கு சீட்டு மட்டும் விழும். அதைப் பார்த்து ‘பதினாலு’, ‘பதினாறு’, ‘பதினெட்டு’ என்று கேள்வி ஏறும். அதிகம் கேட்டவர் துருப்பைக் கவிழ்த்து வைத்த பிறகுதான் மீதி நான்கும் கைக்கு வரும். கேட்டதை எடுக்க முடியாமல் போனவர்கள் காதில் குணுக்கு மாட்டிக்கொண்டு அடுத்த ஆட்டத்துக்கு உட்கார வேண்டும்.

பாதிச் சீட்டைப் பார்த்துப் பெரிய வாய் விடுவது, பிறகு மீதிச் சீட்டு வந்ததும் அந்த வாய்க்கு விலை கொடுப்பது. இருபத்தெட்டின் உயிரே இதுதான். போக்கரும் அப்படிப்பட்ட ஆட்டம்தான் என்பதால், சித்தப்பா மகன் கோயம்புத்தூரில் படிக்கப் போன இடத்தில் அதைக் கற்றுக்கொண்டு ஓணம் லீவுக்கு வந்தபோது, எங்கள் திண்ணையில் அது சீக்கிரம் ஒட்டிக்கொண்டது. விதிகள் ஒரே இரவில் எல்லோருக்கும் பிடிபட்டுவிட்டன. பிடிபடாமல் இருந்தது ஒரே ஒரு இடம். ஒருவர் ஏற்றியதை இன்னொருவர் திருப்பி ஏற்றினால் என்ன செய்வது? அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஆடும் பொருளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நாங்கள் வைத்து ஆடுவது புளியங்கொட்டை, ஆளுக்கு 200. பணம் கிடையாது. எல்லையின் இரண்டு பக்கமும் இந்த விஷயத்தில் சட்டம் பல தடவை மாறியது. பணம் வைத்து ஆடும் இணைய ரம்மியைத் தடுத்த கேரள அரசின் அறிவிப்பை 2021-இல் கேரள உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டுச் சட்டம் ரம்மி, போக்கர் இரண்டையும் தடைப் பட்டியலில் சேர்த்தது. ரம்மியும் போக்கரும் திறமை சார்ந்தவை என்று சொல்லி 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பகுதியை நீக்கியது. பிறகு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே ஒதுக்கிவிட்டு, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் எல்லாவற்றையும் மூடியது. கடனில் விழுந்து உயிரை விட்டவர்களின் செய்திகளை எத்தனை படித்திருக்கிறோம். அந்த வீடுகளை நினைத்தால் இந்த ஆட்டம் புளியங்கொட்டையோடு நிற்பதே சரி என்று உறுதியாக நம்புகிறேன். கொட்டையை வைத்து ஆடினாலும் கணக்கில் ஒரு இம்மியும் குறையாது.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். நாங்கள் ஆடுவது டெக்சஸ் ஹோல்டெம். ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்து விழும். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக முதலில் மூன்று சீட்டு, அது ஃப்ளாப். அப்புறம் ஒன்று, டர்ன். கடைசியாக ஒன்று, ரிவர். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சுற்று பந்தயம். நடுவில் சேர்வதைப் பாட் என்பார்கள். எங்கள் திண்ணையில் அது குவியல், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். சீட்டுப் போடுபவர் இருக்கும் இடம் பட்டன். அவருக்கு அடுத்தவர் சின்ன பிளைண்டாக 1 கொட்டையும், அதற்கடுத்தவர் பெரிய பிளைண்டாக 2 கொட்டையும் சீட்டைப் பார்க்கும் முன்பே வைக்க வேண்டும். ஃப்ளாப்புக்குப் பிறகு எல்லாச் சுற்றிலும் கடைசியாகப் பேசுவது பட்டன். மற்றவர் என்ன செய்தார் என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கும் அந்த வசதி, கையில் நல்ல சீட்டு இருப்பதற்கு அடுத்தபடியான சொத்து.

பிளைண்டு முதல் பந்தயம். அதை ஒருவர் ஏற்றினால் இரண்டாவது. அதையும் ஒருவர் திருப்பி ஏற்றினால் மூன்றாவது. அதனால்தான் அதற்கு த்ரீ பெட் என்று பெயர். அதன் மேலும் ஏற்றினால் ஃபோர் பெட்.

எங்கள் மாமா நாற்பது வருடமாக இருபத்தெட்டு ஆடுபவர். அவர் பெரிய பிளைண்டில் இருக்கிறார், நான் பட்டனில் இருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் 5 கொட்டையாக ஏற்றுகிறேன். சின்ன பிளைண்டு சீட்டை மடக்கி விலகிவிடுகிறார். மாமா வெறுமனே 3 சேர்த்து அதே தொகைக்குத் தொடர்ந்தால், அதாவது கால் செய்தால், குவியலில் 11 இருக்கும், இருவரிடமும் மிச்சம் 195. குவியலைப்போல் கிட்டத்தட்ட பதினெட்டு மடங்கு இன்னும் கையில் இருக்கிறது. ஆனால் மாமா 22 என்று திருப்பி ஏற்றி நான் கால் செய்தால் குவியல் 45, மிச்சம் 178. நான்கு மடங்கு மட்டுமே.

பதினெட்டுக்கும் நான்குக்கும் உள்ள இந்த வித்தியாசம்தான் விஷயமே. முதல் வகைக் குவியலில் மூன்று சுற்றுக்குள் எல்லாக் கொட்டையையும் உள்ளே தள்ள வேண்டுமானால் ஒவ்வொரு சுற்றிலும் குவியலை விடப் பெரிதாக, சுமார் 1.16 மடங்கு, பந்தயம் கட்ட வேண்டும். அப்படிக் கட்டும் ஒருவரிடம் வெறும் ஒரு ஜோடி இருப்பது அபூர்வம். இரண்டாவது வகையிலோ ஒவ்வொரு சுற்றிலும் பாதிக் குவியலுக்குக் கொஞ்சம் மேலே கட்டினால் போதும். ஃப்ளாப்பில் 24, டர்னில் 50, ரிவரில் மீதி 104. மூன்றுமே சாதாரணமாகத் தோன்றும் பந்தயங்கள், முடிவில் 200-உம் போய்விட்டிருக்கும். குவியல் அளவுக்கே கட்டினால் இரண்டே சுற்றில் காலி. ஆகவே 22-க்குக் கால் செய்யும்போது 17 கொட்டையைத்தானே போடுகிறோம் என்று நினைக்கக் கூடாது. 200-க்கும் வழி திறந்துவிடப்பட்டிருக்கிறது. சாதாரணக் குவியலில் கடைசிவரை கொண்டுபோக யோசிக்க வேண்டிய ஏஸ் ஜோடியும் ராஜா ஜோடியும் இங்கே முழுக் கொட்டையையும் வைத்து ஆடத் தகுந்தவை ஆகிவிடுகின்றன. ஃப்ளாப்பில் உயர்ந்த சீட்டோடு ஜோடி சேர்ந்த ஏஸ்-ராஜாவும் அப்படித்தான்.

எங்கள் திண்ணையில் எல்லோரும் இதில் ஒரே மாதிரிதான் தவறினார்கள். காரணம் இருபத்தெட்டு. அந்த ஆட்டத்தில் ‘இருபது’ என்று கேட்டால் அது வாக்கு. எடுத்துக் காட்டியே தீர வேண்டும். கூட்டாளியின் மானமும் அதில் இருக்கிறது. அதனால் பெரிய கேள்வி வந்தால் கையில் குலானும் ஒன்பதும் இருக்கின்றன என்று நம்பலாம். அந்தப் பழக்கத்தில் வந்தவர்கள் போக்கரிலும் த்ரீ பெட்டை வாக்காகவே பார்க்கிறார்கள். ஏற்றுபவர் ஏஸ் ஜோடி, ராஜா ஜோடி வந்தால்தான் திருப்பி ஏற்றுவார். எதிரில் இருப்பவரும் ‘அவரிடம் அதுதான் இருக்கும்’ என்று மடக்குவார். போக்கரில் யாரும் எதையும் எடுத்துக் காட்ட வேண்டியதில்லை. எதிராளி மடக்கிவிட்டால் நம் சீட்டு என்னவென்றே யாருக்கும் தெரியாது. த்ரீ பெட் வெறும் விலைதான். ‘என்னோடு இந்தக் குவியலில் நிற்க வேண்டுமானால் இவ்வளவு கொடு’ என்று கேட்பது. கேட்பவரிடம் சரக்கு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

எப்போதும் சரக்கோடு மட்டும் ஏற்றினால் என்ன ஆகும்? இரண்டு சீட்டு விழக்கூடிய விதங்கள் மொத்தம் 1,326. ஏதாவது ஒரு ஜோடி 6 விதமாக வரும். ஏஸ்-ராஜா 16 விதம், அதில் ஒரே இனம் 4. ஏஸ் ஜோடி, ராஜா ஜோடி, ராணி ஜோடி, ஏஸ்-ராஜா ஆகியவை மட்டும் என்றால் 34 விதம், நூற்றுக்கு இரண்டரை. நாற்பது கைக்கு ஒரு தடவை. இரவு முழுக்க உட்கார்ந்தாலும் நாலைந்து தடவைக்கு மேல் வராது. வரும்போதும் மற்றவர்கள் மடக்கிவிடுவார்கள். நல்ல கைக்குக் கூலியே கிடைக்காது.

அதனால் சரக்கில்லாத சில கைகளையும் கலக்க வேண்டும். எல்லாக் குப்பையையும் கலக்க முடியாது, கணக்கு இடம் தராது. மாமா 22-ஆக ஏற்றும்போது புதிதாகப் போடுவது 20. உடனே கிடைக்கக்கூடியது 8. என்னைப் பத்துக்கு ஏழு தடவைக்கு மேல் மடக்க வைத்தால்தான் அது தனியாக லாபம். பட்டனில் இருப்பவர் அவ்வளவு மடக்குவதில்லை. எனவே பிளஃபாக, அதாவது சரக்கில்லாமல் ஏற்றும் கைக்கு இரண்டு குணம் வேண்டும். எதிராளியிடம் பெரிய கை இருக்கும் வாய்ப்பை அது குறைக்க வேண்டும். கால் வந்தாலும் ஃப்ளாப்பில் எழுந்து நிற்கும் வழி அதற்கு இருக்க வேண்டும். ஒரே இனத்து ஏஸ்-ஐந்தை எல்லோரும் சொல்வதற்குக் காரணம் இதுதான். ஒரு ஏஸ் நம்மிடம் இருந்தால் எதிராளிக்கு ஏஸ் ஜோடி வரும் விதம் ஆறிலிருந்து மூன்றாகிவிடும், ஏஸ்-ராஜா பதினாறிலிருந்து பன்னிரண்டாகிவிடும். இரண்டு, மூன்று, நான்கு வந்தால் வரிசை சேரும், இனம் சேர்ந்தால் அதைவிடப் பெரிய இனமே இல்லை. ஏஸ்-ஒன்பது, அதுவும் வேறு வேறு இனம், பார்க்க அதைவிடப் பெரிதாகத் தெரியும். ஆனால் இந்த வேலைக்கு மோசமான கை. கால் செய்பவரிடம் ஏஸ் இருந்தால் அது பெரும்பாலும் நம் ஒன்பதை விடப் பெரிய துணையோடுதான் இருக்கும்.

இது வெறும் துணிச்சல் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2017 ஜனவரியில் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் உருவான லிப்ராட்டஸ் என்ற நிரல், நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு 1,20,000 கை ஆடி நால்வரையும் தோற்கடித்தது. 2019-இல் அதே இடத்திலிருந்து வந்த புளூரிபஸ் ஆறு பேர் மேசையிலும் வென்றது. மானமும் பயமும் இல்லாத அந்த நிரல்களும் பிளஃப் செய்தன. சரக்கையும் பிளஃபையும் எந்த விகிதத்தில் கலந்தால் எதிராளி என்ன பதில் சொன்னாலும் லாபம் பார்க்க முடியாதோ, அந்த விகிதத்தைத் தங்களுக்குள் ஆடி ஆடியே கண்டுபிடித்துக்கொண்டன.

இருக்கும் இடத்தைப் பொறுத்தும் கலவை மாறும். பெரிய பிளைண்டில் இருப்பவருக்கு நடுத்தரக் கைகளோடு மலிவாகக் கால் செய்யும் வழி இருக்கிறது. அதனால் அவர் மிக நல்லதையும் ஏஸ்-ஐந்து மாதிரிக் கைகளையும் ஏற்றிவிட்டு, நடுவில் உள்ளதைக் காலுக்கு வைத்துக்கொள்ளலாம். சின்ன பிளைண்டில் அந்த வசதி இல்லை. பின்னால் இன்னொருவர் பேசக் காத்திருக்கிறார், ஃப்ளாப்புக்குப் பிறகு முதலில் பேச வேண்டியவரும் இவர்தான். அங்கே ஆடத் தகுந்த கைகளை மேலிருந்து வரிசையாக ஏற்றிவிட்டு மற்றதை மடக்குவதே நல்லது. அளவும் அப்படியே. பின்னால் பேசும் இடத்திலிருந்து ஏற்றினால் மூன்று மடங்கு போதும், 5-க்கு 15. முன்னால் பேச வேண்டியிருந்தால் நான்கு மடங்கும் அதற்குச் சற்று மேலும். மாமா சொன்ன 22 அந்தக் கணக்கில் சரியான தொகை.

இப்போது என் பக்கம். 28 இருக்கும் குவியலுக்கு நான் 17 போட வேண்டும். 17-ஐ 45-ஆல் வகுத்தால் நூற்றுக்கு 38. அவ்வளவு பங்கு எனக்கு வெல்லும் வாய்ப்பு இருந்தால் கால் செய்யலாம் என்று மேலோட்டமாகச் சொல்லலாம். உண்மையில் அந்தப் பங்கு முழுவதும் கைக்கு வருவதில்லை. வழியிலேயே மடக்க வேண்டி வரும். பட்டனில் இருப்பதால் எனக்கு அந்த இழப்பு குறைவு. இதே 22-ஐ எனக்குப் பின்னால் பேசுபவர் ஏற்றியிருந்தால் இன்னும் பல கைகளை மடக்க வேண்டியிருக்கும்.

சின்ன ஜோடிகளில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கையில் இரண்டு நான்கு. ஃப்ளாப்பில் மூன்றாவது நான்கு விழும் வாய்ப்பு நூற்றுக்கு 12-ஐ ஒட்டியது, எட்டரைக்கு ஒன்று. விழுந்தால் எதிராளியின் கொட்டை முழுவதும் வரும் என்ற கனவில் கால் செய்வார்கள். 17 போட்டுக் கிடைக்கக்கூடிய மிச்சம் 178, பத்தரை மடங்கு. விழுந்த எல்லாத் தடவையும் எதிராளி முழுவதையும் கொடுத்துவிடப் போவதில்லை, அவரிடமும் வெறுங்கை இருக்கும். பதினைந்து மடங்காவது மிச்சம் இல்லாமல் இந்த வேட்டைக்கு இறங்காதீர்கள். சாதாரணக் குவியலில் நல்ல கையாக இருந்த நான்கு ஜோடி இங்கே மடக்க வேண்டியதாகிவிடுகிறது. எங்கள் வீட்டில் அதிகக் கொட்டையைத் தின்றது இந்த ஒரு தவறுதான்.

ஃபோர் பெட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். மாமாவின் 22-ஐ நான் 48 ஆக்கி அவர் கால் செய்தால் குவியல் 97, மிச்சம் 152, ஒன்றரை மடங்கு. அங்கே ஃப்ளாப்புக்குப் பிறகு ஆட்டம் என்று அதிகம் இல்லை. ஒரு நல்ல ஜோடி சேர்ந்தால் கொட்டை உள்ளே போய்விடும். அதனால் ஏஸ் ஜோடிக்கும் ராஜா ஜோடிக்கும், சில தடவை ஏஸ்-ராஜாவுக்கும், கூடவே ஒன்றிரண்டு ஏஸ்-ஐந்துகளுக்கும் அதை ஒதுக்கிவைப்பேன். ஜாக்கி ஜோடி வந்தால் ஃபோர் பெட் செய்யக் கை பரபரக்கும். செய்தால் நம்மை விடச் சின்ன கைகள் மடக்கும், பெரியவை நிற்கும். கால் செய்தால் சின்னவையும் நம்மோடு வரும்.

ஃப்ளாப் விழுந்ததும் பலர் தங்கள் இரண்டு சீட்டை மட்டும் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது, இந்த மூன்று சீட்டு யாருடைய கூட்டத்துக்கு உதவுகிறது என்பதை. ஒருவரிடம் இருக்கக்கூடிய எல்லாக் கைகளையும் சேர்த்து ரேஞ்ச் என்பார்கள், நான் கூட்டம் என்பது அதைத்தான். ஏஸ்-ஏழு-இரண்டு, மூன்றும் வேறு இனம் என்று விழட்டும். மாமாவின் கூட்டத்தில் ஏஸ் ஜோடி இருக்கிறது, ஏஸ்-ராஜா, ஏஸ்-ராணி, ஏஸ்-ஐந்து எல்லாம் இருக்கின்றன. ஏஸ் ஜோடி இருந்திருந்தால் நான் முன்பே திருப்பி ஏற்றியிருப்பேன் என்பது அவருக்குத் தெரியும். நான் வெறும் கால் செய்ததே என் கூட்டத்தின் தலையை வெட்டிவிட்டது. இப்படிப்பட்ட ஃப்ளாப்பில் மாமா எந்தக் கையோடும் 15 கட்டலாம். 45-க்கு 15 கட்டினால் நான்கில் ஒரு தடவை நான் மடக்கினாலே அவருக்கு நஷ்டமில்லை. இந்த ஃப்ளாப்பில் நான் அதைவிட அதிகமாகவே மடக்குவேன், ராஜா-ஜாக்கியை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்?

ஏழு-ஆறு-ஐந்து, அதில் இரண்டு ஒரே இனம் என்றால் கதை தலைகீழ். மாமாவிடம் பெரிய ஜோடிகள் இன்னும் இருக்கின்றன, அவை இன்னும் நல்ல கைகள்தான். ஆனால் மிகப் பெரிய கைகள், மூன்று ஏழு, மூன்று ஆறு, ஒன்பது-எட்டின் வரிசை எல்லாம் என் பக்கம் அதிகம். முன்னால் பேச வேண்டிய அவர் இங்கே நிறையத் தடவை கட்டாமல் விட வேண்டும், நல்ல ஜோடியோடும்கூட. திண்ணையில் யாரும் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஏற்றியவர் ஃப்ளாப்பில் சும்மா இருந்தால் பின்வாங்கியதாக அர்த்தம் என்பது அவர்கள் எண்ணம். ஏற்றியவர் எல்லா ஃப்ளாப்பிலும் கட்டினால், எதிராளி அவரைச் சரியாக இந்த மாதிரி ஃப்ளாப்பில்தான் பிடிப்பார். இனம் சேரக் காத்திருக்கும் கையோடு எல்லாக் கொட்டையையும் தள்ளி, மடக்கினால் குவியல், மடக்காவிட்டாலும் இரண்டு சீட்டு மிச்சமிருக்க நூற்றுக்கு 35 வாய்ப்பு என்று ஆடுவார்.

இனி போன ஓணத்தன்று நடந்த ஒரு கை. கொட்டை எல்லோரிடமும் சரியாக 200. கணவாய்க் காற்று தென்னையைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது, சீட்டு பறக்காமல் இருக்க நடுவில் சொம்பு வைத்திருந்தோம். பட்டனில் எனக்கு ஜாக்கி ஜோடி. 5 வைத்தேன். மாமா கொட்டையை எண்ணி 22 தள்ளினார். கால் செய்தேன். ஃப்ளாப் ராணி-எட்டு-மூன்று, வேறு வேறு இனம். மாமா 15. 60-க்கு 15, ஐந்தில் ஒரு தடவை வென்றால் போதும் என்ற விலைக்கு ஜாக்கி ஜோடியை மடக்க முடியாது. கால். டர்னில் ஆறு. குவியல் 75, மாமா 50. நூற்றுக்கு 29 வேண்டும். இங்கே யோசித்தேன், ஆனாலும் கால். ரிவரில் இரண்டு. எந்த இனமும் சேரவில்லை. குவியல் 175, இருவரிடமும் 113. மாமா எல்லாவற்றையும் இரண்டு கையாலும் தள்ளினார்.

“என்ன மாப்ள, பாக்கறீங்களா, விட்டர்றீங்களா?”

“கொஞ்சம் இருங்க மாமா, எண்ணிக்கறேன்.”

உண்மையிலேயே எண்ணினேன். 113 போட்டு மொத்தம் 401 ஆகும் குவியலை எடுக்க நூற்றுக்கு 28 வாய்ப்பு வேண்டும். மாமாவிடம் என்னை விடப் பெரியது என்னென்ன இருக்கலாம்? ஏஸ் ஜோடி 6 விதம், ராஜா ஜோடி 6. ஒரு ராணி நடுவில் கிடப்பதால் ராணி ஜோடி 3. ஏஸ்-ராணி 12. ஒரே இனத்து ராஜா-ராணி 3. மொத்தம் 30. இவை எல்லாவற்றோடும் தள்ளுவார் என்றே வைத்தேன். ஆக, எனக்குச் சாதகமாக 12 விதமாவது பிளஃப் இருந்தால்தான் கால் நியாயம். ஏஸ்-ராஜாவோடு டர்னிலேயே நிறுத்தியிருப்பார். ஒரே இனத்து ஏஸ்-ஐந்து 4, ஏஸ்-நான்கு 4, பத்து-ஒன்பது 4. இதுவே 12. ராஜா-ஜாக்கியும் ஜாக்கி-பத்தும் சாதாரணமாக நாலு நாலு விதம் இருந்திருக்கும். இரண்டு ஜாக்கி என்னிடம் இருப்பதால் இரண்டு இரண்டாகக் குறைந்துவிட்டன. மொத்தம் 16. எல்லாவற்றோடும் தவறாமல் தள்ளுகிறார் என்றால் 46-க்கு 16, நூற்றுக்கு 35, கால் சரி. பாதித் தடவைதான் தள்ளுகிறார் என்றால் 38-க்கு 8, நூற்றுக்கு 21, மடக்க வேண்டும்.

ஆக, விடை சீட்டில் இல்லை, மாமாவிடம் இருந்தது. ஏஸ்-நான்கை வைத்துக்கொண்டு மூன்று சுற்று இழுத்து வந்து கடைசியில் 113 கொட்டையைத் தள்ளுபவரா அவர்? நாற்பது வருடமாகக் கேட்டதை எடுத்துக் காட்டி வந்த மனிதர். ஃப்ளாப்புக்கு முன்னால் வேண்டுமானால் வெறுங்கையோடு ஏற்றுவார், அதை இந்த வருடம் பழகிக்கொண்டார். ரிவரில் அவர் இன்னும் இருபத்தெட்டுக்காரர்தான். ஜாக்கி ஜோடியை மடக்கினேன். மாமா தன் சீட்டைக் காட்டாமல் கட்டுக்குள் செருகிவிட்டார்.

சித்தப்பா மகன் அன்று இரவு முழுக்க என்னோடு வாதாடினான். ஜாக்கி ஜோடியை மடக்கினால் வேறு எதை வைத்துக் கால் செய்வீர்கள் என்று கேட்டான். நல்ல கேள்வி. ஏஸ்-ராணியை வைத்து என்பது என் பதில். ராணியோடு ஜோடி சேர்ந்ததால் அது பெரிய கை என்பது காரணத்தில் பாதிதான். என்னிடம் ஒரு ஏஸும் ஒரு ராணியும் இருந்தால் மாமாவின் பெரிய கைகளே குறைந்துவிடுகின்றன. ஏஸ் ஜோடி 3, ராணி ஜோடி 1, ராஜா ஜோடி மட்டும் முன்போல் 6. என்னை வெல்பவை 30 அல்ல, 10. அதே ஏஸ்-ராணி அவரிடமும் இருந்து பங்கு போடுவது 6 விதம். ராஜா-ராணி 2 விதம், அதை நான் வெல்கிறேன். மாமா ஒரு தடவைகூடப் பிளஃப் செய்யாதவர் என்றே வைத்தாலும் எனக்கு நூற்றுக்கு 27.8 பங்கு இருக்கிறது, வேண்டியது 28.2. அவர் பிளஃப் செய்யும் பழக்கத்தில் ஒன்றிரண்டு விதம் சேர்ந்தாலே கால் லாபமாகிவிடும். ஜாக்கி ஜோடியோ மாமாவின் பெரிய கைகளில் ஒன்றைக்கூடக் குறைக்கவில்லை, அவருடைய பிளஃப்களை மட்டும் குறைத்தது.

அவன் ஒரு தாளில் இதை எழுதிப் பார்த்தான். விடிந்ததும் அந்தத் தாளை மாமாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். ஏஸ்-நான்கு என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்து, “இதுல நாலு விதம் இருக்குதா?” என்று மட்டும் கேட்டார்.